பெட்டியில் 15 வாட்... போனுக்குப் போறது எவ்வளவு? வயர்லெஸ் சார்ஜர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை வயர்லெஸ் சார்ஜர்கள் விற்பனையில் இருக்கின்றன. பெரும்பாலான பெட்டிகளில் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’, ‘15 வாட்’ என்றே எழுதியிருக்கும். ஆனால், அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் போன் மெதுவாக சார்ஜ் ஆகலாம், சூடும் ஆகலாம். அப்போ எதைப் பார்த்து வாங்கணும்?

எப்படி வேலை செய்யுது?

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் வயர்லெஸ் சார்ஜருக்கும் அடிப்படை ஒன்றுதான்: 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். சார்ஜருக்குள் இருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் பாயும்போது, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகும். போனின் பின்பக்கத்தில் உள்ள இன்னொரு சுருள் அதை மறுபடி மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். இரண்டு சுருளும் நேருக்கு நேர் இருந்தால் இழப்பு குறைவு. கொஞ்சம் விலகினாலும் சார்ஜ் ஏறுவது மந்தமாகி, வீணாகும் மின்சாரம் வெப்பமாகிவிடும்.

முதலில் போனைப் பாருங்க

எல்லா போனிலும் இந்தச் சுருள் கிடையாது. குறிப்பாக, பட்ஜெட் போன்கள் பலவற்றில் இருக்காது. போனின் விவரக்குறிப்பில் ‘வயர்லெஸ் சார்ஜிங்’ அல்லது ‘கியூஐ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இது வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற அமைப்பு உருவாக்கிய பொதுத் தரநிலை. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் என்பதால் ‘ச்சீ’ என்றுதான் உச்சரிக்கணும். நம்ம ஊர் கடையில் ‘கியூஐ’ என்றே கேட்பது நல்லது!

அடுத்து வந்தது ‘கியூஐ 2’. ஐபோன் 12 வரிசையில் (2020) ஆப்பிள் அறிமுகப்படுத்திய மேக்சேஃப் காந்த முறையை அடிப்படையாகக் கொண்டு, 2023-ல் அறிவிக்கப்பட்டது. காந்தம் போனை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும் என்பதால் சுருள் விலகும் பிரச்சினை இல்லை. சாம்சங் கேலக்ஸி எஸ்25 போன்ற ‘கியூஐ 2 ரெடி’ போன்களில் காந்தம் உள்ளே இருக்காது. அவற்றுக்கு காந்தம் வைத்த கவர் தனியாக வாங்கணும்.

வாட் கணக்கு

போன், பேட், அடாப்டர் மூன்றில் எது குறைவோ, அதுதான் உங்கள் வேகம்.

* போன்: காந்தம் இல்லாத பழைய கியூஐ பேடில் ஐபோன் அதிகபட்சம் 7.5 வாட் தான் எடுக்கும். பேட் 15 வாட் என்றாலும் பலனில்லை.

* பேட்: ஒன்பிளஸ் 12-ன் 50 வாட் வயர்லெஸ் வேகம் அந்த நிறுவனத்தின் சார்ஜரில்தான் கிடைக்கும். சாதாரண பேடில் அந்த வேகம் வராது.

* அடாப்டர்: பல பேட்களுடன் அடாப்டர் வராது. வீட்டில் கிடக்கும் பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் தருவதே 5 வாட். 15 வாட் பேடுக்கு குறைந்தது 20 வாட் யூஎஸ்பி-சி பிடி அடாப்டர் வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. 5,000 எம்ஏஎச் பேட்டரியை தினமும் முழுசா சார்ஜ் செய்தாலும் வருஷத்துக்கு சுமார் 7 யூனிட்தான் பேட்டரிக்குள் போகும். வயர்லெஸ்ஸில் அதில் பாதி அளவு கூடுதலாக வீணானால்கூட, மூன்றரை யூனிட்தான்.

நஷ்டம் பேட்டரிக்குத்தான். லித்தியம் அயன் பேட்டரி சூட்டில் சீக்கிரம் தேயும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் சென்னையும் வேலூரும் 40 டிகிரியைத் தொடும்போது, ஏசி இல்லாத அறையில் வயர்லெஸ் சார்ஜிங் கூடுதல் சுமை. ‘80 சதவீதத்திலேயே நிக்குது’ என்றால் சார்ஜர் பழுதுன்னு முடிவு கட்டிடாதீங்க. சூடு அதிகமானால் பேட்டரியைக் காக்க போனே சார்ஜிங்கை நிறுத்தி வைக்கும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* கார் ஹோல்டருக்காக கவருக்குள் வைத்த இரும்புத் தகட்டோடு சார்ஜ் போடக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி அது சூடாகும். சாவி, நாணயத்துக்கும் இதே கதைதான்.

* கவரில் ஏடிஎம் கார்டு, ஆபீஸ் ஐடி கார்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். காந்தப் பட்டையும் சிப்பும் பாதிக்கப்படலாம்.

* மெத்தை, தலையணை மேலும், வெயில் படும் ஜன்னல் ஓரத்திலும் பேடை வைக்காதீர்கள்.

* பேடில் இருக்கும்போது கேம், வீடியோ கால் வேண்டாம். இரண்டு சூடும் சேர்ந்துவிடும்.

* இரவு முழுக்க வைப்பவர்கள், போனில் வசதி இருந்தால் 80 சதவீத வரம்பை ஆன் செய்துவிடலாம்.

யார் வாங்கலாம்?

ஆபீஸ் மேஜையில் அடிக்கடி எடுத்து வைப்பவர்களுக்கும், சார்ஜிங் போர்ட் பழுதானவர்களுக்கும் வயர்லெஸ் சார்ஜர் உண்மையிலேயே உதவும். காலையில் கிளம்பும் அவசரத்தில் அரை மணி நேரத்தில் சார்ஜ் ஏறணும் என்பவர்களுக்கு கேபிள்தான் பெஸ்ட். வாங்குவதென்றால், பெட்டியில் கியூஐ சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் போன் ஆதரித்தால், கியூஐ 2 பேடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.