மருந்து லேபிளும் பாடம்தான்

கனடாவில் புதிதாகக் குடியேறுவோருக்கு ஆங்கிலம் கற்றுத்தர அந்நாட்டு மத்திய அரசு 1992இல் 'லிங்க்' வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே மருந்துக் கடை லேபிள், மின்கட்டண பில், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம், பஸ் நேர அட்டவணை, வேலை விண்ணப்பம் எல்லாமே பாடம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களிடமும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களிடமும் கட்டணம் வாங்குவதில்லை. குடியுரிமை வாங்கிவிட்டால் இதில் சேர முடியாது. இலங்கையிலிருந்து போய் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய தமிழர் பலர் இந்த வகுப்பு மேசைகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

வகுப்புகளுக்கு அடிப்படை 1996இல் வெளியான கனடிய மொழி அளவுகோல். இதில் 12 படிகள் உண்டு. எத்தனை சொல் தெரியும், எந்த வினைக்காலம் தெரியும் என்று இது கேட்பதில்லை. இந்த ஆளால் என்ன காரியம் செய்து முடிக்க முடியும் என்று கேட்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் 18 முதல் 54 வயது வரையுள்ளவர்கள் 4ஆம் படியை எட்டியிருக்க வேண்டும். அதுவும் பேச்சிலும் கேட்டலிலும் மட்டும். ஆனால் குடியுரிமை கிடைத்த மறுநாளும் படிவம் நிரப்பித்தானே ஆக வேண்டும்!

ஒரு மாத்திரைப் புட்டியை வைத்து இரண்டு நாள் பாடம் நடத்தலாம். லேபிளில் எண்கள் மட்டுமே ஐந்தாறு இருக்கும்: மருந்துச் சீட்டு எண், 500 மில்லிகிராம், மொத்தம் 30 மாத்திரை, இன்னும் 2 முறை மறுபடி வாங்கலாம், கடையின் தொலைபேசி எண், தேதி. இவற்றில் எது வயிற்றுக்குள் போக வேண்டிய அளவு? முதல் நாள் வேலை, தேவையான எண்ணைத் தேடிப் பிடிப்பதும் மற்றதை ஒதுக்குவதும்தான். ஒவ்வொரு சொல்லையும் படித்தாக வேண்டும் என்று பள்ளியில் பழகியவர்களுக்கு இதுவே பெரிய பயிற்சி. அடுத்து, தினம் இரண்டு வேளை என்பதைக் கடிகாரப் படத்தில் குறிக்கச் சொல்வார்கள். காலை எட்டும் இரவு எட்டும் என்று ஒருவர் குறிப்பார். காலை எட்டும் பகல் பன்னிரண்டும் என்று இன்னொருவர். வாக்கியம் இருவருக்கும் புரிந்திருக்கிறது, ஆனால் அதைக் கொண்டு செய்யும் காரியம் வேறாகிவிடுகிறது. 'தேவைப்பட்டால்' என்ற குறிப்பு இன்னும் கடினம். தேவையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

தாய்மொழியில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். தமிழர் விஷயத்தில் அது பெயரிலேயே தொடங்கும். தகப்பன் பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் எழுதிப் பழகியவர், அதே வரிசையில் படிவத்தை நிரப்பினால் தகப்பன் பெயர் அவருடைய சொந்தப் பெயராகப் பதிவாகிவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு அட்டையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் வங்கியில் அலைச்சல். எல்லாப் படிவத்திலும் ஒரே வரிசை என்று வகுப்பிலேயே முடிவு செய்து பழக்கிவிடுவது நல்லது. தேதியும் அப்படித்தான். 03/04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்பது கனடாவில் அந்தந்தப் படிவத்தைப் பொறுத்தது. உணவுப் பொட்டலங்களிலோ ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறி: எம்.ஆர். என்றால் மார்ச், எம்.ஏ. என்றால் மே.

எந்த மொழியிலும் எழுத்தே கற்காதவர்கள் தனி வகை. அவர்களை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இரு சாராருக்கும் நட்டம். பேனா பிடிப்பது, கட்டத்துக்குள் எழுதுவது, படத்தில் அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று புரிந்துகொள்வது எல்லாமே அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியவை. இவர்களிடம் நன்றாக எடுபடும் ஒரு பழைய முறை உண்டு. மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் பலகையில் எழுதுவார். பிறகு மாணவரே அதை வாசிப்பார். தான் சொன்னது என்பதால் பொருள் முன்பே தெரியும். எழுத்தை மட்டும் பிடித்தால் போதும். லேபிளும் பில்லும் கையில் இருக்கின்றன என்பதற்காக எழுத்தும் ஒலியும் சொல்லித்தராமல் விட்டுவிட முடியாது.

அன்றாடக் காரியங்களை வைத்து நடத்தும் இத்தகைய பாடங்களுக்கு எதிராகவும் வலுவான குரல் எழுந்தது. அமெரிக்கக் கல்வியாளர் எல்சா அவர்பாக் 1980களில் இதைக் கடுமையாக விமர்சித்தார். அன்றாடப் பிழைப்புக்கு ஆங்கிலம் என்ற பெயரில் வந்த பாடநூல்கள், குடியேறியவர்களைச் சொன்னதைக் கேட்டு நடக்கும் கடைநிலை வேலையாட்களாகவே பழக்குகின்றன என்பது அவர் வாதம். இது நியாயமான கோபம். வேலைக்குத் தாமதமானால் மேலாளரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கற்பிக்கும் வகுப்பு, வேலை செய்த மணிநேரத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் கற்பிக்க வேண்டும். டொராண்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. ஹீட்டர் வேலை செய்யாதபோது வீட்டுக்காரருக்குத் தேதி போட்டு நான்கு வரி எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிவதும் எழுத்தறிவில் சேர்ந்ததுதான்.

நிஜமான காகிதங்களை வைத்து நடத்தினால் பலன் உண்டா? விக்டோரியா பர்செல்-கேட்ஸும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வயது வந்தோருக்கான எழுத்தறிவு வகுப்புகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் உண்மையாகப் புழங்கும் எழுத்துகளை வைத்துப் படித்தவர்கள், வகுப்புக்கு வெளியேயும் அடிக்கடி வாசிக்கவும் எழுதவும் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது காகிதம் குறைந்து எல்லாம் கைபேசிக்குப் போய்விட்டது. ஆன்லைன் படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது; பாஸ்வேர்டு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கனடா வருமானவரித் துறையின் பெயரில் பயமுறுத்திப் பணம் பறிக்கும் குறுஞ்செய்திகளும் வருகின்றன. அனுப்பியவர் முகவரி, அவசரப்படுத்தும் தொனி, கிஃப்ட் கார்டில் பணம் கேட்பது ஆகியவற்றை வைத்து மோசடியை அடையாளம் காண்பதும் வாசிப்புப் பயிற்சியாகிவிட்டது. இவ்வளவும் கற்றாரா என்று அளக்க, லிங்க் வகுப்பில் மாணவர் நிரப்பிய படிவங்களையும் எழுதிய கடிதங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, அவற்றைப் பார்த்தே ஆசிரியர் அடுத்த படிக்கு அனுப்பும் முறை உண்டு. கோப்பு வேலையே பாட நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு.