செவியினின்று எழும் ஒலி

ஒலியை நாடிச் செவி செல்வதில்லை; ஒலியே செவியை நாடி வருகின்றது. ஆதலின், செவியானது வருவதை ஏற்கும் வெறும் வாயிலெனவே அறிஞர் நெடுங்காலம் கருதினர்.

புறச்செவியிற் புகும் காற்றதிர்வு செவிப்பறையை அசைக்கின்றது. அவ்வசைவைச் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. காற்றதிர்வு நேரே நீரிற் படின் அதன் பெரும்பகுதி தெறித்து மீளும். அகன்ற செவிப்பறையிற் பட்ட விசை ஏந்தியின் சிற்றடியிற் குவிவதால் அமுக்கம் ஏறக்குறைய 20 மடங்காகின்றது.

இதுகாறுங் கூறியதில் வழக்கில்லை. வழக்கெழுந்தது நத்தையோடு போற் சுருண்ட உட்செவியைப் பற்றியே. ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமான அச்சுருளினுள் பாய்பொருள் நிறைந்துள்ளது. அதனூடு செல்லும் அடிமென்சவ்வு தொடக்கத்தில் ஒடுங்கி விறைப்பாயும், உச்சியில் அகன்று தளர்ந்தும் உள்ளது. உட்செவியின் நுண்ணுறுப்புகள் யாழ் நரம்புகள்போலத் தத்தமக்குரிய மீடிறனுக்குப் பரிவுற்று அதிரும் என, 1863 இல் வெளியான தம் நூலில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கூறினார். ஹங்கேரியிற் பிறந்த பெக்கேசியோ, இறந்தோர் செவிகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, சவ்வின்மீது அலையொன்று ஓடுவதைக் கண்டார். மீடிறன் கூடிய ஒலிக்குச் சவ்வின் தொடக்கத்திலும், குறைந்த ஒலிக்கு உச்சியண்டையிலும் அவ்வலை உயர்ந்தது. 1961 இல் அவருக்கு நோபெற் பரிசு வழங்கப்பட்டது. எனினும், அவர் கண்ட அலை மிக அகன்றது; அணித்தான இரு சுரங்களை நாம் பிரித்தறிவது எங்ஙனம் என்பதற்கு அதில் நிறைவான விடையில்லை.

பாய்பொருள் அதிர்வை அடக்கிவிடும். அதனை வெல்லச் செவி தானே சத்தியைச் செலவிடல் வேண்டும் என 1948 இலேயே தோமஸ் கோல்ட் வாதித்தார். பின்னாளில் வானியலிற் புகழ்பெற்ற இவர் சொல்லை அக்காலத்திற் கேட்டார் சிலரே. அங்ஙனமாயின் செவியிலிருந்து ஒலி வெளிவரவுங் கூடுமன்றோ! 1978 இல் இலண்டனில் டேவிட் கெம்ப், செவித்துளையில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து அவ்வொலியைப் பதிவுசெய்தார்.

அதன் பிறப்பிடம் புறமயிர்க்கலங்கள். ஒரு செவியில் ஏறத்தாழ 12,000 உள. அதிர்வுக்கேற்ப நீண்டுங் குறுகியும் அவை சவ்வை ஊக்குகின்றன. மெல்லொலி பெருகுகின்றது, அகன்ற அலை கூர்மையடைகின்றது. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் 3,500 அளவான அகமயிர்க்கலங்களின் பணியாகும். உயிர் நீங்கியதும் அவ்வூக்கமும் நீங்கும். பெக்கேசி கண்டது பிழையன்று. இறந்த செவி காட்டக்கூடியதையே அவர் கண்டார்.

பேச்சறியாச் சிசுவின் செவிப்புலனை மருத்துவர் இன்று இவ்வொலியைக் கொண்டு சோதிக்கின்றனர். சிசு உறங்கினும் தடையில்லை. பேரிரைச்சலால் எளிதில் நலிவனவும் இப்புறமயிர்க்கலங்களே. அழிந்த மயிர்க்கலங்கள் பறவைகளில் மீளத் தோன்றுகின்றன, மனிதரில் தோன்றுவதில்லை. “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என முதியோர் பலர் முறையிடுவதற்குரிய காரணங்களுள் இவ்விழப்பும் ஒன்று.