நான்காவது எண்ணின் இரு பொருள்

கணினித் திரையில் காணும் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகளே வர்ணத்தைத் தருகின்றன என்பது பலரும் அறிந்த விஷயம். ஆயினும், தனித்தனியே ஆக்கிய இரு சித்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே காட்சியாகத் தோன்றச் செய்ய இம்மூன்றும் போதா. கூந்தலின் ஓரத்திலுள்ள ஒரு புள்ளியில் பாதி மயிரிழை, பாதி வெட்டவெளி என்றால், அந்தப் பாதியைச் சொல்ல நான்காவதாக ஓர் எண் வேண்டும். அதுவே ஆல்பா. அது பூஜ்யமானால் அங்கே ஒன்றுமில்லை. ஒன்றானால் பின்னணி முழுவதும் மறைகிறது.

1970-களின் பிற்பகுதியில், நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆராய்ச்சி செய்துவந்த எட் கேட்முல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும், பின்னணி மாறுந்தோறும் முன்னுருவத்தை மறுபடியும் கணித்து வரையும் சிரமத்தை ஒழிக்க, இவ்வெண்ணை வர்ணங்களோடு சேர்த்துப் படத்திலேயே சேமிக்கத் துணிந்தனர். அதன் பிரயோகத்தைச் சீரான கணிதமாக வகுத்தவர்கள், லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய டாம் போர்ட்டரும் டாம் டஃப்பும். அவர்களுடைய கட்டுரை 1984-இல் வெளிவந்தது. ஆஸ்கர் வழங்கும் அகாடமி 1996-இல் இந்நால்வரையும் விருதளித்துக் கௌரவித்தது.

சேமிக்கும் முறைகள் இரண்டு. வர்ணத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, படங்களை இணைக்கும்போது மட்டும் ஆல்பாவால் பெருக்குவது ஸ்ட்ரெயிட் முறை. முன்னதாகவே பெருக்கிச் சேமிப்பது ப்ரீமல்டிப்ளைட் முறை. பாதி மறைக்கும் சிவப்புப் புள்ளியில் சிவப்பின் அளவு முதல் முறையில் 1, இரண்டாவதில் 0.5, ஆல்பாவோ இரண்டிலும் 0.5 தான். இங்கேதான் அனர்த்தம் விளைகிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பின் பங்கு 0.5, வெள்ளையின் பங்கு 0.5, ஆகச் சிவப்பு அளவு 1 என்று வரவேண்டும். ஏற்கெனவே பெருக்கிய படத்தை ஸ்ட்ரெயிட் என்று கருதி மென்பொருள் இன்னொரு முறை பெருக்கினால், 0.25-உம் 0.5-உம் கூடி 0.75 ஆகக் குன்றுகிறது. உருவத்தைச் சுற்றி அழுக்கேறியது போன்ற கருங்கோடு தோன்றக் காரணம் இதுவே. மாறாக, பெருக்காத படத்தைப் பெருக்கியதாகக் கொண்டு இருண்ட பின்னணியில் வைத்தால், ஓரங்கள் இயல்புக்கு மீறி ஒளிரும்.

இவ்விரண்டில் ப்ரீமல்டிப்ளைட் முறையே சிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். படத்தை மங்கலாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் அண்டைப் புள்ளிகளின் சராசரி எடுக்கப்படுகிறது. ஸ்ட்ரெயிட் முறையில், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஒளிந்திருக்கும் வர்ணமும் அந்தச் சராசரியில் கலந்து விளிம்பைக் கெடுத்துவிடும். முன்பே பெருக்கிய படத்திலோ அத்தகைய புள்ளிகள் பூஜ்யமாகிவிட்டதால் கேடு இல்லை. அன்றியும், எதையும் மறைக்காமல் ஒளியை மட்டும் சேர்க்கும் தீச்சுடரை, ஆல்பா பூஜ்யமாகவும் வர்ணம் உள்ளதாகவும் எழுதிக் காட்ட இம்முறையால் மட்டுமே இயலும்.

ஆயினும், வழக்கத்தில் இரண்டும் நிலைத்துவிட்டன. பிஎன்ஜி கோப்பு ஸ்ட்ரெயிட் முறையையே விதித்திருக்கிறது. திரைப்படக் கலைஞர்கள் கையாளும் ஓப்பன் இஎக்ஸ்ஆர் ப்ரீமல்டிப்ளைட் மரபைப் பின்பற்றுகிறது. டிஃப் இரண்டையும் ஏற்று, எது என்று குறித்துவைக்கவும் இடமளிக்கிறது. வர்ணத் திருத்தம் செய்வோர் மட்டும், பெருக்கிய படத்தை முதலில் ஆல்பாவால் வகுத்து, திருத்தம் முடிந்தபின் மீண்டும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.