பௌர்ணமி அன்று புக்கிங் ஆப் திணறுவது ஏன்?
திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் 14 கி.மீ. கிரிவலப் பாதையே நிரம்பிவிடும். அந்தப் பாதையில் உள்ள ரமணாசிரமம் பகுதியில் ரூம் தேடி, ஒரே நேரத்தில் பலர் மொபைலைத் தட்டினால் புக்கிங் ஆப் திணறலாம். நெட் ஸ்லோ என்று நினைப்போம். 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' வரம்பும் காரணமாக இருக்கலாம்.

இந்த வரம்பு போஸ்ட்கிரெஸ்ஸில் இயல்பாக 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. ஆயிரமா ஏத்திட்டா சரியாகிடுமா? ஒவ்வொரு கனெக்‌ஷனும் மெமரி கேட்கும்; சர்வரே படுத்துவிடலாம்.

தீர்வு, பந்தி முறை. சாப்பிட்டவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காருவது போல, சில கனெக்‌ஷன்களையே எல்லோருக்கும் மாற்றி மாற்றித் தருவது. இதுதான் 'கனெக்‌ஷன் பூலிங்'. வேலை முடிந்ததும் புரோகிராம் கனெக்‌ஷனைத் திருப்பித் தரணும். இல்லேன்னா பந்தி நகராது.

ஒன்றை மறக்க வேண்டாம்: எஸ்க்யூஎல் சர்வரை ஆள் கணக்கு லைசென்ஸில் வாங்கியிருந்தால், பூலிங் செய்தாலும் லைசென்ஸ் எண்ணிக்கை குறையாது.