அரச தோட்டத்தை வாங்கிய வணிகர்



கண்டிக்குத் தென்கிழக்கே ஹங்குரன்கெத்த. ஆபத்துக் காலங்களில் கண்டி மன்னர்கள் அடைக்கலம் தேடிய மலையூர். அங்கிருந்த அரண்மனையை 1818இல் ஆங்கிலேயர் எரித்தனர். பின்னர் அரச தோட்டக் காணி ஏலத்துக்கு வந்தது. 1830களில் அதை வாங்கியவர் வெள்ளைக்காரத் துரை அல்லர். மொறட்டுவையைச் சேர்ந்த வணிகர் ஜெரோனிஸ் டி சொய்சா.

1797இல் பிறந்த இவர், அந்தக் காணியில் கோப்பி பயிரிட்டார். மலைநாட்டுக் கோப்பி ஐரோப்பியர் கையில் இருந்த காலத்தில், சுதேசி ஒருவர் அதே பயிரில் பெருஞ்செல்வம் சேர்த்தது புதுமை.

சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. ஹங்குரன்கெத்தவில் நீர்ப்பாசனத்துக்கு உதவினார். 1853இல் முதலியார் பட்டம் தேடி வந்தது. சொந்த ஊரான மொறட்டுவையில் அவர் கட்டிய தூய இம்மானுவேல் தேவாலயம் 1860இல் திறக்கப்பட்டது. 1862இல் அவர் மறைந்தார்.

தந்தை வழியில் மகன் சார்ள்ஸ் ஹென்றியும் நடந்தார். கொழும்பில் இன்றும் இயங்கும் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை அவர் கொடையில் எழுந்தது.

மலையில் விளைந்த கோப்பி, கடலோரம்வரை நற்பணியாய்ப் பரவியது.