அப்பா, நான் திரைக்கலை படிக்கட்டுமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், பிழைப்பை நாடி மும்பை, பெங்களூர், டெல்லி, அகமதாபாத் என்று குடியேறிய நம் குடும்பங்களில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். பொறியியலா? வணிகவியலா? செவிலியர் படிப்பா? இவற்றுள் ஒன்றைத் தீர்மானித்து, அதற்கென்று சீட்டுப் பணத்தையும் எடுத்து வைத்திருக்கும் தகப்பனிடம், மகனோ மகளோ வந்து நின்று, "அப்பா, நான் திரைக்கலை படிக்கட்டுமா?" என்று கேட்டால் அந்த வீட்டின் நிலை என்னவாகும்?

திரையரங்கின் படியை மிதிக்காமலே தலை நரைத்த பெரியவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்கள் செவியில் இக்கேள்வி இடியாக விழும். "படிக்க வேறு படிப்பே இல்லையா?" என்பார் தகப்பன். தாய் கண்ணீர் விடுவாள். பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும். ஒற்றை அறை வீடானால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். சில நாட்கள் சென்றபின், பிள்ளையின் பிடிவாதத்துக்கு இறங்கி, விளம்பரத்தில் கண்ட ஏதோ ஒரு நிறுவனத்தில் கடன் வாங்கிச் சேர்த்துவிடுவதும் உண்டு. கேட்டவுடன் மறுப்பதும் தவறு. விசாரியாமல் பணத்தைக் கட்டுவதும் தவறு. இது எத்தகைய படிப்பு, எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்து முடிவு செய்வதே நலம்.

அங்கே கற்பிப்பது என்ன?

திரைக்கலை என்றவுடன் நடிகர்களும் ஆடல் பாடலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இளநிலைப் பட்டப்படிப்பில் நடிப்புக்கு உள்ள இடம் சிறிதே. தொடக்கத்தில் ஓவியம், புகைப்படம், எழுத்து, திரைப்பட வரலாறு, மக்கள் தொடர்பியல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பின்னர் ஒளிப்பதிவு, ஒளியமைப்பு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவை வருகின்றன. இறுதியாண்டில் மாணவர் ஒரு குறும்படமோ ஆவணப்படமோ எடுத்து முடிக்க வேண்டும். ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பயிற்சியும் பெற வேண்டும். இணையதள வடிவமைப்பு, அனிமேஷன், கைப்பேசிக்கான காணொளி, பாட்காஸ்ட் ஆகியவையே புதிய ஊடகம் என்று வழங்கப்படுகின்றன.

இதில் கைத்தொழிலும் கணக்கும் உண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 25. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து மூட வேண்டும், உணர்திறன் எவ்வளவு என்ற மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தினால்தான் படம் சரியான வெளிச்சத்தில் அமையும். இரண்டைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது தானே முடிவாகிவிடும்.

ஒரு முகம், மூன்று அர்த்தங்கள்

உலகின் முதல் திரைப்படப் பள்ளியாகக் கருதப்படுவது 1919-ஆம் ஆண்டு மாஸ்கோவில் தொடங்கப்பட்டது. படச்சுருள் கிடைப்பதே அரிதான காலம் அது. அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ் என்பவர், பழைய படங்களை வெட்டி மாற்றி ஒட்டியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு சோதனை இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக விளங்குகிறது. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அதை அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். மீண்டும் அதே முகம், அடுத்து சவப்பெட்டியில் ஒரு குழந்தை. மீண்டும் அதே முகம், அடுத்து ஒரு பெண். கண்டவர்களோ அந்த நடிகர் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்று வியந்தார்களாம்!

முகம் மாறவில்லை, அடுத்து வைத்த படம் மாறியது. இன்று நம் கைப்பேசியில் ஒருவர் அனுப்பும் ஒரு நிமிடக் காணொளியைக் கண்டு கோபம் கொள்கிறோம், பயப்படுகிறோம், உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அதை வெட்டியவர் எதை விட்டுவிட்டார், எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்று நாம் கேட்பதில்லை. இந்தப் படிப்பை நேர்மையாகக் கற்ற பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். வேலை கிடைப்பது ஒருபுறம் இருக்க, இந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் இதை அறிந்திருப்பதே பாதுகாப்பு அல்லவா?

பெங்களூரிலிருந்து பம்பாய்க்குப் போனவர்

நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்ற ஒருவரை நினைவுகூருங்கள். மைசூரில் பிறந்த வி. கே. மூர்த்தி, பெங்களூரிலுள்ள ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவில் பட்டயம் பெற்றவர். 1946-இல் படிப்பை முடித்த அவருக்குப் பம்பாயில் நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உதவியாளராகவே உழைத்தார். 1951-இல் வெளிவந்த 'பாஜி' படப்பிடிப்பில், உதவி ஒளிப்பதிவாளராக இருந்தபோது, கடினமான ஒரு காட்சியை எடுப்பதற்கு அவர் வழி சொன்னார். இயக்குநர் குரு தத் அவரது திறமையைக் கண்டு, தமது அடுத்த படமான 'ஜால்' படத்தை அவரிடம் ஒப்படைத்தார். அது வெளிவந்தது 1952-இல். பட்டயத்துக்கும் முதற்படத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள்!

பின்னர் 1959-இல் வந்த, இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' படத்தில், பெரிய கண்ணாடிகளைக் கொண்டு வெயிலை ஸ்டூடியோவுக்குள் திருப்பி, ஒற்றை ஒளிக்கற்றையாக இறக்கிக் காட்டினார். அந்தக் காட்சியை இன்றும் மாணவர்கள் பாடமாகக் காண்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது; ஒளிப்பதிவாளர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். படிப்பு அவரை வாசல்வரை கொண்டுசென்றது. உள்ளே அழைக்கப்பட்டது அவர் கையிலிருந்த திறமையால். அதுவும் பொறுமையாகக் காத்திருந்த பின். மூன்றாண்டு படித்தவுடன் இயக்குநராகிவிடலாம் என்று எந்த விளம்பரமாவது சொல்லுமானால், அதை நம்பாதிருங்கள்.

பட்டமா, சான்றிதழா?

பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. வணிக வளாகத்தின் மாடியில் இயங்கும் ஒரு பயிற்சி நிலையம் தானாகப் பட்டம் தர இயலாது. "எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்?" என்று கேளுங்கள், சொன்ன பெயரை மானியக்குழுவின் பட்டியலில் சரிபாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக்குழு வெளியிடுகிறது.

இது ஏன் முக்கியம்? 1960-இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கப்பட்ட பூனா திரைப்படக் கல்லூரியிலும், 1995-இல் நிறுவப்பட்ட கல்கத்தா சத்யஜித் ரே கல்லூரியிலும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகிய முக்கியப் படிப்புகள் பட்டம் பெற்றவர்களுக்கே உரியவை. வெறும் சான்றிதழோடு நிற்கும் பிள்ளைக்கு அந்த வாசல்கள் திறவா.

பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் சேரத்தக்க வழிகள் சிலவற்றைப் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி, நான்காண்டுப் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலான பல கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் முன்பு பி.எம்.எம். என்று அறியப்பட்ட படிப்பு, இப்பொழுது மல்டிமீடியா மற்றும் மக்கள் தொடர்பியலில் பி.ஏ. பட்டமாக உள்ளது, ஆயினும் விளம்பரமும் இதழியலுமே அதில் முதன்மை, திரையாக்கம் ஒரு பகுதி மட்டுமே. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் படத்துறைக்கு இளநிலைப் படிப்பு உண்டு. அதற்கு இரண்டு கட்ட நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

புலம்பெயர்ந்தோருக்கு மேலும் ஒரு காரியம். தமிழ்நாட்டுக் கல்லூரியில் விண்ணப்பிக்குமுன் இருப்பிடச் சான்று குறித்த விதியை எழுத்துமூலம் கேட்டறியுங்கள். மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள், அம்மொழி பேசும் மாணவர்களுக்கென இடங்களை ஒதுக்குகின்றன. இதை அறியாமலே வாய்ப்பை இழந்த தமிழ்ப் பிள்ளைகள் உண்டு.

வழி ஒன்றல்ல

2024-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருதைப் பெற்றவர் பாயல் கபாடியா. மும்பைக்குப் பிழைக்க வந்த கேரளச் செவிலியரின் வாழ்வைச் சொல்லும் படம் அது. அவர் இளநிலையில் படித்தது பொருளாதாரம். திரைக்கலையைப் பின்னரே பூனாவில் கற்றார். 2023-இல் முதுமலை யானைகளைப் பற்றிய குறும் ஆவணப்படத்துக்காக ஆஸ்கார் பெற்ற கார்த்திகி கொன்சால்வ்ஸோ, கோயம்புத்தூரில் விஷுவல் கம்யூனிகேஷன் பயின்றவர். ஆகவே, "இப்போது இதில் சேராவிட்டால் என் வாழ்க்கையே போயிற்று" என்று பிள்ளை சொல்லத் தேவையில்லை; "இதில் சேர்ந்தால் வாழ்க்கையே போயிற்று" என்று தகப்பன் சொல்லவும் தேவையில்லை.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இத்தொழிலில் மாதச் சம்பளம் பலருக்கு இல்லை. வேலை வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. படப்பிடிப்பு நாள் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க மாட்டார்கள். வசனத்தைத் தட்டச்சு செய்தல், துணைத்தலைப்பு இடுதல் போன்ற தொடக்கநிலை வேலைகள் பலவற்றை இன்று கணினியே செய்துவிடுகிறது. மகளை அனுப்பும் பெற்றோர் மேலும் ஒன்றைக் கேட்க வேண்டும். திரைத்துறையில் பெண்கள் படும் துன்பங்களை, 2024-இல் வெளியிடப்பட்ட கேரள நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் புகார்க்குழு இருந்தே ஆக வேண்டும். "உங்கள் கல்லூரியில் அக்குழுவின் தலைவர் யார்? பயிற்சிக்கு அனுப்பும் இடத்தில் யார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் மகளைச் சேர்க்க வேண்டாம்.

பணத்தைக் கட்டுமுன் கல்லூரிக்கு நேரில் செல்லுங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாணவருக்கு எத்தனை காமிரா என்று எண்ணிப் பாருங்கள். படித்து முடித்த இருவரிடம் தனியே பேசுங்கள். கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நாம் அறிந்ததுதானே!

வீட்டிலேயே ஒரு சோதனை

பிள்ளைக்கு இருப்பது ஆசையா, தாலந்தா என்று எப்படி அறிவது? 2020-இல் ஊரடங்கு வந்தபோது, சபைக் கட்டடங்கள் பூட்டிக்கிடக்க, ஒரு கைப்பேசியையும் ஒரு மைக்கையும் வைத்து ஆராதனையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவர்கள் நம் வாலிபர்களே. ஒலி கரகரத்தால் ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்பதையும், முகத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும் என்பதையும் அவர்கள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. அந்த ஆர்வம் இருக்குமிடத்தில் படிப்பு பயன்தரும்.

ஆகவே, விண்ணப்பம் வாங்குமுன் பிள்ளையிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். கையிலுள்ள கைப்பேசியைக் கொண்டு, அம்மா காலையில் எழுந்து வேலைக்குப் புறப்படும்வரை உள்ளதை மூன்று நிமிடப் படமாக எடுக்கட்டும். பேச்சு வேண்டாம், பாட்டு வேண்டாம். ஜன்னல் வெளிச்சமும், பாத்திரச் சத்தமும், குழாயில் நீர் விழும் ஒலியும் போதும். டாவின்சி ரிசால்வ் என்னும் படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம். எடுத்ததை வெட்டி, பார்த்து, பிடிக்காமல், மறுபடியும் எடுத்து, நான்காவது முறையாகவும் முடித்துக் கொண்டுவருகிறானா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே சலித்துவிட்டால், சில லட்சம் ரூபாய் மிச்சமாயிற்று. வருத்தமின்றி வேறு படிப்பைத் தேடலாம்.

முடித்துக் கொண்டுவந்தால், தகப்பனே, கைப்பேசியை வாங்கி, மனைவியையும் அருகில் அமர்த்தி, அந்த மூன்று நிமிடத்தையும் முழுவதுமாகப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகளாக விடியற்காலை நான்கரைக்கு எழுந்து அவள் செய்ததையெல்லாம் நம் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அப்போது உங்களுக்குத் தெரியவரும். அதன்பின் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று பேசத் தொடங்குங்கள்.