வெற்று வானில் ஓர் ஒளிவட்டம்

தில்லி மாநகரின் தென்மேற்கு மூலையிலுள்ள துவாரகையில், தை மாதத்து இரவுகளில் வெளியே வந்து நிற்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மூடுபனி தெருவை நிறைத்திருக்கும். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான ஒளிவட்டம் ஒன்று தோன்றும். இந்த மூட்டத்தினூடே விண்மீன்களைக் காண்பது அரிது. ஆயினும் காற்று வீசி வானம் தெளிந்த இரவு ஒன்று வாய்க்குமாயின், நேயர்கள் நிமிர்ந்து மிதுன ராசியைத் தேடிப் பார்க்கலாம். திருவாதிரை என்று நாம் வழங்கும் செம்மீனுக்குச் சற்று வடகிழக்கே, மிதுனத்தின் காலடியில், வெண்மீன் ஒன்று ஒளிரும். அதற்கு மிக அருகே, கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத ஓரிடத்தில்தான் இன்று நாம் பேச வந்த பொருள் இருக்கிறது. அங்கும் ஒரு விளக்கு உண்டு. அதைச் சுற்றியும் ஒரு வட்டம் உண்டு. நம் கண்கள் காமாக் கதிர்களைக் காணவல்லனவாக இருப்பின், முழுநிலவைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு அகலத்தில் அவ்வட்டம் தலைக்கு மேல் தெரியும்.

அவ்விளக்கின் பெயர் ஜெமிங்கா. 1972 இல் ஏவப்பெற்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று அத்திசையிலிருந்து காமாக் கதிர்கள் வருவதை முதன்முதலில் உணர்த்திற்று. அவ்விடத்தில் எது இருக்கிறது என்று எவ்வளவு தேடியும் நெடுங்காலம் அகப்படவில்லை. இத்தாலிய நாட்டு மிலான் நகரத்துப் பேச்சு வழக்கில் 'கெ மிங்கா' என்றால் 'அது அங்கே இல்லை' என்று பொருளாம். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்கு இப்பெயரே சான்று. 1992 இல் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் துணையால் உண்மை வெளிப்பட்டது. அது ஒரு துடிப்பு விண்மீன், பல்ஸார் என்பர். பெரிய விண்மீன் ஒன்று வெடித்து அழிந்தபின் எஞ்சிய கரு அது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். துவாரகையிலிருந்து கன்னாட் பிளேஸ் செல்லும் தூரம்தான். ஆனால் எடையோ சூரியனை விஞ்சும். வினாடிக்கு நான்கு முறைக்கு மேல் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் இடையே சுமார் 800 ஒளியாண்டுத் தொலைவு. அதன் வயது சுமார் மூன்றரை லட்சம் ஆண்டு.

இவ்வேட்டையில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. ஜெமிங்காவின் துடிப்பு அறியப்பட்டதும், டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் 1984-85 இல் உதகமண்டலத்தில் தாம் திரட்டி வைத்திருந்த பழைய பதிவுகளை எடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். அதே துடிப்பு மிக உயர்ந்த ஆற்றலுடைய காமாக் கதிர்களிலும் தென்படுவதாக 1993 இல் எழுதினர். பின்னர் வந்த நுண்ணிய கருவிகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. அதனால் அவ்வுழைப்பு வீண் என்று நாம் கருதவில்லை. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் நல்ல வழக்கமே.

இனி வட்டத்திற்கு வருவோம். சுழலும் காந்தமாகிய பல்ஸார் ஒரு பெரும் டைனமோவைப் போல் மின்னழுத்தத்தை விளைவிக்கிறது. அதனால் எலெக்ட்ரான்களும், அவற்றின் எதிர்மின்னேற்றம் கொண்ட இரட்டையராகிய பாசிட்ரான்களும் பிறந்து, ஒரு கோடி கோடி எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் பெற்று வெளியே பாய்கின்றன. அண்டவெளி எங்கும் 2.7 பாகைக் குளிர்ந்த கதிர்வீச்சு நிறைந்திருப்பது 1965 முதல் நாம் அறிந்ததே. மெல்ல மிதந்து வரும் பூப்பந்தை மட்டை ஓங்கி அடிப்பதுபோல, விரையும் எலெக்ட்ரான் அக்குளிர்ந்த ஒளித்துகளை மோதிக் காமாக் கதிராக்கி அனுப்புகிறது. ஆகவே தெருவிளக்கு உவமையை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். பனியில் தெரிவது விளக்கின் ஒளியே. ஜெமிங்காவைச் சுற்றித் தெரிவதோ, அதிலிருந்து புறப்பட்ட எலெக்ட்ரான்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் புதிதாகப் பிறந்த ஒளி. வட்டத்தின் அகலத்தை அளந்தால், எலெக்ட்ரான்கள் எவ்வளவு தூரம் சென்றன என்பது தெரிந்துவிடும்.

மெக்சிகோ நாட்டில் 4,100 மீட்டர் உயரத்து எரிமலைச் சரிவில் 300 பெரிய நீர்த்தொட்டிகளை வரிசையாக வைத்து அமைத்த ஹாக் என்னும் நிலையம் இதை அளந்தது. 2017 இல் முடிவு வெளியாயிற்று. மிதுனத்திலேயே உள்ள மற்றொரு பல்ஸாரைச் சுற்றியும் அத்தகைய வட்டம் காணப்பட்டது. வியப்பு யாதெனில், எலெக்ட்ரான்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை என்பதே. விண்வெளியின் காந்தப்புலங்கள் சிக்கலும் முறுக்குமாகக் கிடப்பவை. அவற்றினூடே செல்லும் எலெக்ட்ரான், தசராக் கூட்டத்தில் அகப்பட்டவனைப்போல் இங்கும் அங்கும் தள்ளுண்டே நகரும். இத்தகைய நடையில் நான்கு மடங்கு காலம் சென்றால் இரு மடங்கு தூரமே கிட்டும். ஜெமிங்காவைச் சுற்றி இந்தப் பரவல், நம் விண்மீன் மண்டலத்தின் சராசரியைவிடச் சுமார் நூறு மடங்கு மந்தமாக இருக்கிறது. அதாவது அதே காலத்தில் பத்தில் ஒரு பங்கு தூரமே. மார்கழியில் காற்று ஓய்ந்த இரவில் துவாரகைத் தெருமுனையில் மூட்டிய நெருப்பின் புகை, கலைந்து போகாமல் அங்கேயே தேங்கி நிற்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

எங்கோ புகை தேங்கினால் நமக்கு என்ன என்று கேட்கலாம். பூமிக்கு வரும் அண்டக் கதிர்களில் எலெக்ட்ரான்களை அளப்பது நம் நாட்டில் பழைய கலை. நாகர்கோவிலில் பிறந்த ஆர். ஆர். டேனியல், எஸ். ஏ. ஸ்டீபன்ஸ் ஆகிய இருவரும் ஐதராபாதிலிருந்து பலூன்களில் படச்சாந்துத் தகடுகளை மேலே அனுப்பி, 1,500 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்களை அளந்து 1965 இல் வெளியிட்டனர். நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் பூமியின் காந்தப்புலமே அதற்குக் குறைந்தவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். பிற்காலத்தில், 2008 இல், பமேலா என்னும் செயற்கைக்கோள் கருவி பாசிட்ரான்களின் விகிதம் எதிர்பார்த்ததைவிட மிகுதி என்று காட்டிற்று. விண்வெளி நிலையத்திலிருந்த கருவியும் 2013 இல் அதை மெய்ப்பித்தது. ஆற்றல் மிக்க எலெக்ட்ரான்கள் விரைவில் களைத்துப்போவதால், அப்பாசிட்ரான்கள் அருகிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஜெமிங்கா தந்ததா? அன்றி, கண்ணுக்குப் புலனாகாக் கரும்பொருள் அழிந்து தந்ததா? பிரபஞ்சப் பொருளில் பெரும்பங்கான கரும்பொருளைப் பற்றிய முதற் செய்தி அங்கே மறைந்திருக்கக்கூடும் என்பதால் இவ்வழக்கு சிறிதன்று.

ஹாக் நிலையத்தார், இந்த மந்தப் பரவல் பூமிவரை நீளுமாயின் ஜெமிங்காவின் பாசிட்ரான்கள் நம்மை வந்தடைந்திரா என்றனர். மறுப்போர், மந்தம் பல்ஸாரின் அக்கம்பக்கத்தில் மட்டுமே. அதைத் தாண்டியவை விரைந்து வரலாம் என்கின்றனர். பூமிக்கு வரும் பேராற்றல் எலெக்ட்ரான்களையே நோக்க, இரண்டாவது கட்சி வலுவுடையதாக நமக்குத் தோன்றுகிறது. எங்கும் மந்தமாயின் அவை எங்கிருந்து வந்தன என்று சொல்வது கடினம். மந்தத்திற்குக் காரணம் எலெக்ட்ரான் வெள்ளமே எழுப்பும் அலைகளா, பழைய வெடிப்பு விட்டுச்சென்ற கொந்தளிப்பா என்பதும் முடிவாகவில்லை.

2021 இல் சீன நாட்டு லாசோ நிலையம் மூன்றாவது வட்டம் ஒன்றைக் கண்டது. லடாக்கில் 4,270 மீட்டர் உயரத்து ஹான்லேயில் 21 மீட்டர் ஆடியுடன் கூடிய மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பெற்றது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தது அது. ஒரு நோக்கில் அது காணும் வானம் சுமார் நான்கு பாகை. ஜெமிங்காவின் வட்டமோ பத்துப் பாகை. வட்டத்தைத் துண்டு துண்டாகவே அது பார்க்க வேண்டியிருக்கும்.